மரியஅந்தோணிக்காக நடந்த நடை

அறுபத்தெட்டு வயதில் மரியஅந்தோணிக்கு இரண்டு எதிரிகள் கிடைத்தார்கள். ஒருவர் ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் மேக்னா. இன்னொன்று கம்பஞ்சோறு. தனித்தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்பார். கூட்டுச் சேர்ந்துகொண்டு ஒரே நாளில் வந்தார்கள்.

ஐப்பசியில் அவருடைய இடது சுண்டுவிரலைச் செருப்பு கடித்தது. கடித்ததே அவருக்குத் தெரியாது. மனைவி சாராள் ஹாலில் வரிசையாக ரத்தப் பொட்டுகளைப் பார்த்து, எலியைப் பூனை கவ்விக்கொண்டு போயிருக்கிறது என்று நினைத்துத் தடம் பிடித்துப் போனாள். தடம் மரியஅந்தோணியின் நாற்காலியில் போய் நின்றது. மிளகு அளவுப் புண்தான். அந்த மிளகு ஆறுவதற்குள் கார்த்திகை போய், மார்கழி போய், கிறிஸ்துமஸ் குடிலைக் கட்டிப் பிரித்து, பொங்கலும் வந்துவிட்டது. பொங்கல் கழிந்து, ஆறிய காலைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் மேக்னா காலைப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது; ஏழுக்குள் இருக்க வேண்டியது.

"இந்தப் புண்ணு ஆறிடுச்சுங்க சார். அடுத்தது ஆறாது. விரல எடுக்க வேண்டி வரும், விரலோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும். இனிப்பைத் தொடக் கூடாது. இரவில் அரிசிச் சோற்றை விட்டுவிட்டுக் கம்போ ராகியோ சாப்பிட வேண்டும்.

மற்றதையெல்லாம் மன்னித்தாலும் மன்னிப்பார், கம்பை அவரால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். விடியுமுன்னே எழுந்து ஆறு மைல் நடந்து போய், இருட்டி ஆறு மைல் நடந்து வருவார். வீட்டில் கம்பங்களியும் சோளச்சோறும்தான். அரிசிச்சோறு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும். மரியஅந்தோணி மதுக்கரை சிமென்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் செய்த முதல் காரியம் ஒரு சிப்பம் பொன்னி அரிசியை வீட்டில் இறக்கியது. ஆலையில் இருந்த முப்பத்தாறு வருஷமும், ஓய்வுபெற்ற பிறகும், மூன்று வேளையும் அரிசிச்சோறு தின்றார். தின்ற சோற்றைக் குவித்தால் மருதமலைக்குத் தங்கச்சி மலை ஒன்று எழும்பியிருக்கும். இப்போது பேத்தி வயதில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, "மறுபடியும் கம்புக்குப் போ, மறுபடியும் நட" என்கிறாள்.

உக்கடத்திலிருந்து மதுக்கரை வரை பஸ்ஸில் இதையே பேசிக்கொண்டு வந்தார். எங்கள் அப்பா நடந்த நடை ஏழு தலைமுறைக்குப் போதும், எங்கள் வம்சத்தில் இனி யாரும் நடக்கத் தேவையில்லை என்று கண்டக்டரிடம்கூடச் சொன்னார். சாராள் ஜன்னலோரம் உட்கார்ந்து டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, கடைசியில் தபால்தலை அளவுக்கு ஆக்கிவிட்டாள்.

சாராள் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்காக ஆர்.சி. ஆனவள். அப்படி வந்தவள் பிறகு எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். ஜெபமாலை, நவநாள், நேர்ச்சை எதிலும் குறை வைப்பதில்லை. பங்குச் சாமியார் பூசையில் ஒரு வரி விட்டுவிட்டால் முதல் வரிசையிலிருந்து சாராள் இருமுவாள் என்று ஊருக்குள் பேச்சு. அறுபத்து நாலு வயது. அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவள் தனக்கென்று எந்த டாக்டரிடமும் போனதில்லை.

பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தின் முதல் நாள். கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு வீட்டுக்கு வந்த சாராள், டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். பொங்கலிலிருந்து சண்டை போட்டு, கெஞ்சி, ஓசூரிலிருக்கும் மகள் ரெபேக்காவை விட்டுப் போனில் அழவைத்து, எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"ஏனுங்க, நீங்க நடக்க மாட்டீங்க, அதானே?" என்றாள்.

"மாட்டேன்."

"செரி. உங்க நடைய நான் நடக்கறேன். ஞாயித்துக்கிழமை போக நாப்பது நாளு. சக்கரையும் நான் உட்டுடறேன், ராத்திரிக்குக் கம்பும் நானே குடிச்சுக்கறேன். உங்க பேருக்கு நேந்துட்டேன். மாதா பாத்துக்குவாங்க."

மரியஅந்தோணிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் நேர்ந்துகொள்வது அவர்களுக்குப் புதிதல்ல. மகன் பரீட்சைக்கு அம்மா ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவாள். மருமகளின் பிரசவத்துக்கு மாமியார் கருமத்தம்பட்டி மாதாவிடம் வெறுங்காலோடு நடப்பாள். அப்படி இருக்க, சர்க்கரை வியாதிக்குப் பெண்டாட்டி நடந்தால் என்ன குறைந்துவிடும்? மறுநாளே பங்குக் கோயில் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லி வந்தார். ஆண்டவர் சுமந்த சிலுவையையே சிலுவைப்பாதையின் ஐந்தாம் ஸ்தலத்தில் சீமோன் என்கிற ஆள் வாங்கிச் சுமக்கவில்லையா? அவருக்கு ஒரு சீமோன் என்றால் எனக்கு ஒரு சாராள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் பங்குச் சாமியார் ஒருவர்தான்; அவருக்கும் சர்க்கரை இருந்தது.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு, ரெபேக்கா காலேஜில் போட்ட பழைய கேன்வாஸ் ஷூவைச் சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு சாராள் கிளம்புவாள். வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு. சரியாக நாற்பது நிமிஷம்.

அந்த நாற்பது நிமிஷம் மரியஅந்தோணிக்குத் திருநாள். கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்டதும், ஹால் சுவரில் ஆணியில் தொங்கும் மஞ்சள் ஹெல்மெட்டை இறக்குவார். ஆலையில் போட்டிருந்த ஹெல்மெட். ஓய்வுபெற்ற நாளில் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டது. அதற்குள் தாளில் சுற்றிய தேங்காய் பன் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் பேப்பர் படிக்கிற சாக்கில் வரும் பிராங்க் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது. பிராங்க் அதே ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். நாற்பது வருஷச் சிநேகிதர். ஸ்டேஷன் அருகே சீனிவாசலு பேக்கரியில் வாங்கி, வண்டி டேங்க் கவருக்குள் திணித்து, கஞ்சா கடத்துகிறவனைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவார்.

பன்னைத் தின்று, மூன்று ஸ்பூன் டீயைக் குடித்து, வாயைக் கழுவி, நாற்காலியில் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டுவதுபோல உட்கார்ந்துகொள்வார். சாராள் வரும்போது கோயில் புனிதர் சிலைபோல அர்ச்சியசிஷ்டவர் சுரூபம் ஒன்று ஹாலில் இருக்கும். அந்த ஹெல்மெட்டில் ஓர் எறும்புகூட வந்ததில்லை. முப்பத்தாறு வருஷம் ஊறிய சிமென்ட் வாசனைக்கு எறும்பு பயப்படுகிறது என்று பிராங்க்கிடம் பெருமையடித்தார்.

இரண்டாவது வாரம் சாராள் திரும்பிவர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது வாரம் ஒரு மணி நேரம். நான்காவது வாரம் ஒரு மணி பத்து நிமிஷம். மரியஅந்தோணி ஹால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கூடுதலாகக் கிடைத்த அரை மணி நேரத்தில் ஒரு மனிதன் என்னென்ன தின்னலாம் என்று உலகத்தில் யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை. செய்திருந்தால் அவருக்குத்தான் முதல் பட்டம். ஒரு பன் இரண்டாயிற்று. இரண்டாவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சீனிவாசலுவின் பன் முன்போல இல்லை. பூரணம் சப்பென்று, வெறும் தேங்காய்ச் சக்கையாக இருந்தது. கிழவனுக்குக் கை நடுங்கிச் சர்க்கரை கீழே கொட்டுகிறது போல என்று பிராங்க்கிடம் குறைப்பட்டார். ஒரு பன்னில் கிடைத்துக்கொண்டிருந்த இனிப்புக்கு இப்போது இரண்டு பன் தின்ன வேண்டியிருந்தது. அவர் மேல் என்ன தப்பு?

சாராள் எதற்காக நேரமாக்குகிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. வழியில் நின்று யாரோடாவது பேசுவாள். பெண்கள் பேசுவார்கள். ஷூவைக் கழற்றும்போது அவள் கணுக்காலில் விரல் அழுத்தியதுபோலக் குழி விழுந்திருந்ததைப் பார்த்தார். ஷூ இறுக்கம் என்று நினைத்தார். படுக்கையில் அவருடைய தலையணையையும் பிடுங்கித் தன் தலைக்கு இரண்டாக வைத்துக்கொண்டாள். தவக்காலத்தில் எல்லோரும் எதையாவது விட்டுக்கொடுக்கிறார்கள், நான் தலையணையை விட்டுக்கொடுத்தேன் என்று அதையும் ஒரு வேடிக்கையாக ஊருக்குள் சொல்லி வந்தார்.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் பிராங்க் பன்னை ஹெல்மெட்டில் வைத்துவிட்டு, பேப்பரைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா அந்தோணி, உன்ற ஊட்டுக்காரம்மா காலைல சீனிவாசலு பேக்கரி பெஞ்சுல உக்காந்திருக்கறாங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, நாலு நாளா பாக்கறேன்."

மரியஅந்தோணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வர, இருமல் வர, நாற்காலி கிரீச்சிட, பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும்வரை சிரித்தார். முப்பத்தெட்டு வருஷமாகத் தன்னை மோப்பம் பிடித்து மோப்பம் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தவள், கடைசியில் அதே பேக்கரியில், அதே பன்னுக்கு விழுந்துவிட்டாள். பேக்கரி பெஞ்சில் உட்காருகிறவர்கள் வேறு எதற்கு உட்காருவார்கள்? பிராங்க் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது என்றோ என்னமோ. இவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். இதை யாரிடமும் சொல்லாதே, நான் சமயம் பார்த்து எடுத்துவிடுகிறேன் என்றார். ஈஸ்டர் அன்றைக்குப் பிரியாணி தட்டுக்கு முன்னால் வைத்து எடுத்துவிடுவது என்று நாள்கூடக் குறித்துவிட்டார்.

ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. மறுநாள் சாராள் உள்ளே வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டார்.

"நேர்ச்சையெல்லாம் ஒழுங்கா போயிட்டிருக்குதுங்களா, அம்மணி?"

சாராள் அவரைப் பார்த்தாள். மூச்சு முதலில் வர வேண்டியிருந்தது.

"போயிட்டுத்தான் இருக்குதுங்க. கொஞ்சம் மெதுவா போகுது."

அவர் கண்ணடித்தார். அவள் எதற்கென்று கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நாற்பது நாள் நேர்ச்சையின் முப்பத்து நாலாம் நாள், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. அன்றைக்கு ஏழே காலுக்கும் சாராள் வரவில்லை. மரியஅந்தோணி இரண்டு பன்னையும் முடித்திருந்தார். ஏழரைக்கு இன்னொரு டீ போட்டார். ஏழே முக்காலுக்கு, மூன்றாவதாக ஒரு பன் வாங்கி வைக்காமல் போனோமே என்று வருத்தப்பட்டார். எட்டு மணிக்குக் கேட்டின் கொண்டி விழுந்தது. அவசரமாகக் கண்ணை மூடி ஜெபமாலையை எடுத்தார். வந்தது சாராள் இல்லை. இரண்டு கையும் முழங்கை வரை மைதா மாவாக, சீனிவாசலு நின்றார்.

"ஏனுங்ணா, வாங்க. அம்மா பெஞ்சுலிருந்து சரிஞ்சுட்டாங்க. பிராங்க் அண்ணன் ஆட்டோல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருக்கறாரு."

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டர் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நிதானமாகக் கேட்டார். நடந்தால் மூச்சு வாங்கியதா? கால் வீங்கியதா? இரண்டு தலையணை வைத்துப் படுத்தார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் மரியஅந்தோணி ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினார். இருதயம் பல மாதமாகவே தளர்ந்துபோயிருந்தது, நடக்க நடக்கத் தாங்கவில்லை, முதல் வாரத்திலேயே வந்திருந்தால் மருந்திலேயே சமாளித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் கவனிக்கவில்லையா என்றும் கேட்டார். கவனித்தேன் என்றுதான் மரியஅந்தோணி சொன்னார். பொய்யில்லை. நிமிஷக் கணக்காகக் கவனித்திருந்தார்.

குருத்து ஞாயிறு மத்தியானம் ஐ.சி.யூ.வுக்குள் ஐந்து நிமிஷம் விட்டார்கள். ரெபேக்கா ஓசூரிலிருந்து வந்து வெளியே நின்றிருந்தாள். கோயிலில் மந்திரித்த குருத்தோலையில் பிராங்க் முடைந்து கொடுத்த சிறிய சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு போனார். சாராளின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. சிலுவையைத் தலையணையில் செருகினார். இங்கே ஒரே தலையணைதான் கொடுத்திருந்தார்கள். கட்டிலையே நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

"ஏம்புள்ள, மூச்சு வாங்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். "சொன்னா நிறுத்தச் சொல்லுவீங்க. நிறுத்துனா உங்க காலு போயிரும்." மூச்சை வாங்கிக்கொண்டாள். "இன்னும் ஆறு நாளுதான் இருந்துச்சு."

அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"நீங்க நடந்தீங்களா?"

"நடந்தேன் சாராளு. இன்னைக்கு நடந்தேன்."

லிப்ட்டிலிருந்து ஐ.சி.யூ. கதவு வரை இருபது அடி நடந்திருந்தார். சாராள் லேசாகச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அவர் சொன்ன பொய்களுக்கெல்லாம் சிரித்த சிரிப்புதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அடக்கம். மறுநாளிலிருந்து பெரிய வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாட்கள், அடக்கப் பூசை வைக்க முடியாது; அதனால் எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. பூசை முடிந்து பெட்டியைத் தூக்கியபோது மரியஅந்தோணி கோயில் வாசலில் விட்ட செருப்பைத் தேடவில்லை. பெட்டிக்குப் பின்னால் நடந்தார். ஏப்ரல் மாத வெயிலில் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பளத்தை வைத்தால் பொரிந்துவிடும். கல்லறைத் தோட்டம் ஒன்றேகால் கிலோமீட்டர். அத்தனை தூரத்தை அவர் கடைசியாக நடந்தது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. பின்னால் வந்தவர்கள் நிழல் கண்ட இடத்தில் தாவித் தாவி நடந்தார்கள். இவர் நடு ரோட்டிலேயே நடந்தார். மனுஷன் துக்கத்தில் சூடுகூடத் தெரியாமல் போகிறான் பார் என்று பெண்கள் அழுதார்கள். துக்கம் இருந்தது. ஆனால் சூடு தெரியாததற்குக் காரணம் துக்கமில்லை. அந்தக் காலுக்கு எதுவும் தெரிந்து வருஷக் கணக்காயிற்று.

மறுநாள் ஹாலில் ஈரப் பொட்டுகளைப் பார்த்து ரெபேக்கா தடம் பிடித்துப் போனாள். இடது பாதத்தின் முன்பகுதி முழுக்கத் தோல் உரிந்து வந்திருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை, காலில் கட்டோடு இருந்தவரை பிராங்க் பைக்கில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். சிலுவைப்பாதை ஆரம்பித்தது. எல்லோரும் ஸ்தலம் ஸ்தலமாக நகர்ந்தார்கள். ஐந்தாம் ஸ்தலத்தில் சாமியார் சீமோன் என்ற பேரை வாசித்ததும், ஊரில் பாதிப் பேர் திரும்பி மரியஅந்தோணியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தச் சீமோன் வேடிக்கையை அவர் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தார். ஒருவரைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து ரெபேக்கா ஓசூருக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றுவிட்டார். அவள் போன மறுநாள் ஹால் சுவரில் ஒரு கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்தார். ஜன்னலில் ஆரம்பித்து ஆணி வரை எறும்பு வரிசை. ஹெல்மெட்டை இறக்கினார். உள்ளே பன் இல்லை. பழைய துணுக்குகள்தான், பல்லியின் கண் அளவு. அதைத் தூக்க மதுக்கரை எறும்புகள் மொத்தமும் வந்திருந்தன. சிமென்ட் வாசனையைக் கண்டு ஒன்றும் பயப்படவில்லை.

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எறும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். இத்தனை நாளும் இதைத் துடைத்து வைத்தது யார் என்பது அவருக்கு மெதுவாகத்தான் எட்டியது.

சாயங்காலம் பிராங்க் வந்தார். சாப்பிடாமல் கிடக்கிறானே என்று, என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் ஒரு தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். மரியஅந்தோணி ஒரு கடி கடித்தார். கடித்ததை விழுங்கவில்லை. இனித்தது. முன்பெல்லாம் இனித்த மாதிரி, பல் கூச, தொண்டை எரிய இனித்தது.

"வண்டிய எடு" என்றார்.

பேக்கரியில் கூட்டம் இல்லை. சீனிவாசலு கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். மரியஅந்தோணி கையிலிருந்த பன்னை நீட்டி, இது ஏன் மறுபடியும் இனிக்கிறது என்று கேட்டார். சீனிவாசலு பிராங்க்கைப் பார்த்தார். பிராங்க் ரோட்டைப் பார்த்தார்.

"இனிமே மறைச்சு என்னாகப் போகுதுங்ணா" என்று சீனிவாசலு சொல்லத் தொடங்கினார். இரண்டாவது வாரமே சாராள் வந்து கேட்டிருக்கிறாள். பிராங்க் வாங்கிப் போகும் பன் யாருக்கு என்று தனக்குத் தெரியும், நிறுத்தினால் மனுஷன் வேறு எங்காவது வாங்குவான், அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் போடுங்கள் என்று. தினமும் இரண்டே பன்னுக்காகத் தனியாகப் பூரணம் கிளறியிருக்கிறார். முப்பது வருஷத் தொழிலில் வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஒரே சரக்கு அதுதானாம். பிராங்க்குக்குக்கூடச் சொல்லவில்லை.

"அவ இங்க உக்காந்து என்ன தின்னா?" என்று மரியஅந்தோணி கேட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பயந்தார்.

"தின்னாங்களா? ஒரு டம்ளர் சுடுதண்ணி வாங்கி வெச்சுட்டு மூச்ச புடிப்பாங்க. அதயும் பாதிதான் குடிப்பாங்க. வூட்டுக்குச் சொல்லியனுப்பட்டுங்களான்னு கேட்டா, அவருக்குத் தெரிஞ்சா நேர்ச்சை நின்னுரும்பாங்க." சீனிவாசலு துண்டால் பெஞ்சைத் தட்டினார். "இந்த மூலைலதானுங்ணா."

பிராங்க் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன் அந்தோணி. மூஞ்சியே செரியில்லீன்னு. நீ சிரிச்சுப்போட்ட."

சாராள் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. பாதிச் சர்க்கரை பன்னை அவர் இரண்டாகத் தின்பார் என்று அவள் நினைக்கவில்லை. அல்லது பிராங்க் வாங்கும் பன் இரண்டானபோது அதையும் தெரிந்துகொண்டு, அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அதற்கும் சிரித்திருப்பாள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

கால் ஆறவில்லை. டாக்டர் மேக்னா சொன்னபடியே ஆயிற்று. மே மாதம் இடது சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். மரியஅந்தோணி மறுப்புச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் கம்பங்கஞ்சி வந்தபோதும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கம்பு, தோட்ட வேலை தந்த சாப்பாடு; தனக்கு இது சாராள் குடித்துவிட்டுப் போனதன் மீதி என்று குடித்தார். நன்றாக இருந்தது என்று சொல்வதற்கில்லை.

புண் ஆறி, சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பு வந்து, ஆஸ்பத்திரி டாக்டர் நடக்கலாம் என்றபோது ஜூலை பிறந்திருந்தது. ஒருத்தர் நேர்ந்துவிட்டு முடிக்காமல் போனால் வீட்டார் முடிக்க வேண்டும். ஆறு நாள் மீதி இருந்தது. ஒரு திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கேட்டின் கொண்டியைத் திறந்தார். தென்மேற்குச் சாரல் பாலக்காட்டுப் பக்கமிருந்து முகத்தில் அடித்தது. ஸ்டேஷன் வரை போவதற்குள் நாலு இடத்தில் நின்றார். பேக்கரியில் அந்த மூலையில் உட்கார்ந்தார். சீனிவாசலு கேட்காமலே ஒரு டம்ளர் சுடுதண்ணி கொண்டுவந்து வைத்தார்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. நாற்பது நாள் முடிந்தது. கோயிலுக்குப் போய் மாதாவிடம் முடித்துவிட்டேன் என்று சொன்னார். மாதா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை நடப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஐந்தே முக்காலுக்குக் கால் தானாக எழுந்து செருப்பைத் தேடியது. விரல் இருந்தவரை ஒரு பேச்சும் கேட்காத கால்.

அக்டோபரில் டாக்டர் மேக்னா ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தடவை பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி எட்டு. "சார், எப்படிச் செஞ்சீங்க? வெளில காத்திருக்கறவங்ககிட்ட வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்று சிரித்தார். ஜனவரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாளை வாங்கிக்கொண்ட அம்மாவைப் பற்றிக் கேட்டார். அவங்க நல்லாருக்காங்களா என்று. மரியஅந்தோணி தாளை வாங்கி மடித்தார், மடித்ததை மறுபடி மடித்தார், தபால்தலை அளவுக்கு வந்ததும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நல்லாருக்காங்க என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மழைக்காலம் வந்ததும் நடை இன்னும் தாமதமாயிற்று. இரண்டு விரல் இல்லாத கால் வழுக்குமிடத்தில் யோசித்து யோசித்துத்தான் வைக்க முடிகிறது. ஸ்டேஷன் போய், சுடுதண்ணி குடித்து, திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவார். ஹால் கடிகாரத்தைப் பார்ப்பார். ஹெல்மெட் ஆணியில் காலியாகத் தொங்கும். தாமதமாக வருகிறார் என்று சந்தோஷப்பட வீட்டில் யாரும் இல்லை.